உண்மை அளவில் இரண்டு துவக்குகள்

புதன்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை.

நான் வரைந்த படத்தை விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டி, "சரி" என்று ஒரு சொல் வாங்கி, பின்னேரம் நான்கு மணிக்குள் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்.

படத்தில் இருந்தவை இரண்டு துவக்குகள்.

பயப்பட வேண்டாம். நான் ஒரு வாரப் பத்திரிகையின் சிறுவர் பக்கத்தை இருபத்தாறு வருடமாகச் செய்துவருகிறவள். முயலைக் கரட்டிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழிகளை வரைவேன். புள்ளிகளை இணைத்தால் தாரா நீந்தி வரும். துவக்கு, துப்பாக்கி என்று எதன் பக்கமும் போகாத ஆள். ஆனால் ஆலங்குடாவிலிருந்து ஏழாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேள்வி அனுப்பியிருந்தாள்.

"போன் கேமில் இரண்டு துவக்கு ஒரே மாதிரி இருக்கு. ஒன்று படபடவென்று சுடுது. மற்றது ஒவ்வொன்றாகத்தான் சுடுது. ஏன்? படத்துடன் விளக்கவும்."

படத்துடன்! பிள்ளை கேட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்பது என் கொள்கை. பத்திரிகை ஆசிரியருக்கு அந்தக் கொள்கை இல்லை.

"மிஸ், துவக்கு வேணாமே. ஒரு வண்ணாத்திப்பூச்சி போடுங்களன்" என்றார் தொலைபேசியில்.

"பிள்ளை வண்ணாத்திப்பூச்சியைக் கேட்கேல்லையே."

"சரி, போடுங்க. ஆனா பிழை மட்டும் வரக்கூடாது. போன மாதம் சிலந்திக்கு ஆறு கால் போட்டீங்க. எத்தினை கடிதம் வந்தது தெரியுமா? இன்னொரு பிழை வந்தா உங்கட பக்கத்தை நிப்பாட்டிப்போட்டு, ஆயத்தமா விக்கிற புதிர்களை வாங்கிப் போடுறதா மேலிடத்தில கதைக்கினம். நான் சொன்னன் எண்டு சொல்லாதேங்க."

சிலந்தி விஷயத்தில் என்னிடம் நியாயம் இல்லை. மற்ற இரண்டு காலும் பின்னால் மறைந்திருந்தன என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

ஆகவே இந்த முறை ஒழுங்காகப் படித்தேன். நான்கு நாள். விஷயம் சின்னதுதான். இராணுவத்துக்கு என்று ஒரு துவக்கைச் செய்கிறார்கள். சில நாடுகளில் அதையே கொஞ்சம் மாற்றி, வேட்டைக்காரருக்கும் குறி பார்த்துச் சுடுவதை விளையாட்டாக வைத்திருப்பவர்களுக்கும் விற்கிறார்கள். அண்ணன் தம்பி போல. முகம் ஒன்று, தொழில் வேறு. எங்கள் நாட்டில் நாம் கண்டது அண்ணனைத்தான். ரி-56 என்றால் பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். தம்பியை நான் படத்தில் மட்டுமே பார்த்தேன்.

ஆறு வித்தியாசம் எடுத்தேன். அண்ணனுக்குக் குழலின் கீழே மடித்து வைத்த கத்தி உண்டு, தம்பிக்கு இல்லை. அண்ணனின் ரவைக்கூடு, அதாவது சன்னங்கள் போடும் பெட்டி, நீளமானது, வாழைப்பழம் போல வளைந்தது, தம்பிக்குக் கட்டையானது. தம்பியின் குழல் ஒரு விரல் நீளம் கூட. அண்ணனின் குழல் வாயில் திருகி மாட்டிய ஒரு துண்டு, தம்பிக்கு வெறும் வாய். தோளில் வைக்கும் கட்டை அண்ணனுக்குத் தனி, கைபிடி தனி. தம்பிக்கு இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து நடுவில் பெருவிரல் நுழைய ஒரு ஓட்டை. ஆறாவதுதான் அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பதில். வலப்பக்கத்தில் ஒரு சின்னப் பிடி இருக்கிறது. தம்பிக்கு அதில் இரண்டே நிலை: பூட்டு, ஒவ்வொன்றாகச் சுடுவது. அண்ணனுக்கு மூன்றாவதாக ஒரு நிலை. அதுதான் படபட.

இனி, நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும்.

எந்தப் பொருளையும் நான் முதலில் உண்மை அளவில் வரைவேன். பிறகுதான் சுருக்குவேன். ஆறு வித்தியாசப் படம் என்றால் இரண்டையும் அட்டையில் வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். கணக்கில் இல்லாத ஏழாவது வித்தியாசம் தவறி வந்திருந்தால் உடனே தெரியும். தேநீர்க் கோப்பைக்கும் அப்படித்தான், கோழிக்கும் அப்படித்தான்.

துவக்குக்கும் அப்படித்தான்.

பக்கத்து வீட்டில் புதுக் குளிர்சாதனப் பெட்டி வாங்கியிருந்தார்கள். அதன் அட்டைப் பெட்டியைக் கேட்டு வாங்கினேன். மூன்று அடி நீளத்தில் இரண்டு துவக்குகள் வெட்டினேன். கறுப்பு மை முடிந்துபோயிருந்ததால் சப்பாத்துப் பொலிஷ் பூசினேன். மரப் பகுதிக்குக் கபிலப் பொலிஷ். துணியால் தேய்த்தேன். மினுங்கியது!

மிக நன்றாக வந்திருக்கிறதே என்று எனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

சரிபார்க்க யார்? ஆலங்குடாவில் ஓர் உல்லாச விடுதியின் காவலாளியாக ஜெஸீல் நானா இருக்கிறார். அந்தக் காலத்தில் ஊர்காவல் படையில் துவக்குத் தூக்கியவர். போன் எடுத்தேன்.

"வாங்க தங்கச்சி, வாங்க. நான் கடக்கரப் பக்கம் நிப்பன். கண்ண மூடிக்கிட்டுப் பார்த்துச் செல்லுவன்" என்றார்.

இரண்டு துவக்கையும் பூப்போட்ட பெட்சீற்றில் சுற்றி, குறிஞ்சிப்பிட்டியில் பஸ் ஏறினேன். மத்தியானம் ஒரு மணி. நிற்கவும் இடமில்லாத கூட்டம்.

கொண்டக்டர் நல்ல பிள்ளை. "அக்கா, அதை மேல தட்டில வைங்களன். என்ன அது, குடைக்கம்பியா?"

பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக்கூடாது என்று இருபத்தாறு வருடம் இருந்ததில், பெரியவர்களிடமும் எனக்குப் பொய் வராது.

"இல்லைத் தம்பி. ரெண்டு துவக்கு" என்றேன்.

கொண்டக்டர் சிரித்தார். பிறகு பெட்சீற்றின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த கறுப்புக் குழலைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"அக்கா பகிடிக்குத்தானே சொல்றீங்க?"

"பகிடியில்லை. ஒண்டு ஆமித் துவக்கு. மற்றது சிவில்."

அந்த நேரத்தில் 'அட்டை' என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் துல்லியமான ஆள். ஆனால் எந்தச் சொல் முக்கியம் என்பதில் எப்போதும் துல்லியம் இல்லை.

எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த பெண் தன் மரக்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு முன்னுக்குப் போனாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவரும் போனார். முழு இருக்கையும் எனக்குக் கிடைத்தது. பாவம், வயதைப் பார்த்து இடம் தந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். "நன்றி" என்றும் சொன்னேன்.

ஆலங்குடாச் சந்தியில் இறங்கியபோது கொண்டக்டர் மணியை அடித்த வேகத்தையாவது நான் கவனித்திருக்கலாம்.

முச்சக்கர வண்டியில் கடற்கரைக்குப் போனேன். வாடைக்காற்று. அந்தக் காற்றுக்காகத்தான் வெளிநாட்டார் அங்கே வந்து, பெரிய பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு பலகையில் ஏறிக் கடலுக்குமேல் ஓடுகிறார்கள். உலகத்தின் மறுபக்கத்திலிருந்து ஆட்களை வரவழைக்கிற காற்று! அதில் நின்று நான் பெட்சீற்றைப் பிரித்தேன்.

பெட்சீற் பாய்மரம் போல விரிந்தது. இராணுவத் துவக்கு மேலே எழும்பியது. ஒரு தடவை தலைகீழாகப் புரண்டது. பிறகு கடலை நோக்கிப் போய்விட்டது.

"ஐயோ! பிடியுங்க! பிடியுங்க!"

ஓடினேன். கையில் மற்றத் துவக்கு. ஐம்பத்தெட்டு வயது. கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கறுப்புத் துவக்கை நீட்டிக்கொண்டு, கத்திக்கொண்டு, ஒரு பெண் தங்களை நோக்கி ஓடி வருவதைக் கண்டார்கள். கயிற்றை விடவில்லை. விட்டால் மீன் போய்விடும். கயிற்றைப் பிடித்தபடியே எல்லாரும் ஒன்றாகக் குந்தினார்கள்.

விடுதி வாசலில் சாய்கதிரையில் கிடந்த வெள்ளைக்காரச் சோடி இரண்டு கையையும் உயர்த்தியது.

"இல்லை, இல்லை! அட்டை!" என்று கத்தினேன். தமிழில்.

அப்போதுதான் ஜெஸீல் நானா மெல்ல நடந்து வந்தார். இடுப்புச் சாரத்தை ஒரு கையால் பிடித்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தங்கச்சி, படம் எண்டுதானே செல்லின?"

"படந்தான் நானா."

"இதுதான் படமா? யா அல்லாஹ்! இதக் கொண்டு நீங்க பஸ்ஸிலயா வந்த?"

பதில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. மணலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இரண்டு பொலிஸ்காரர். பின்னால் இருந்த இளைஞரின் தோளில் உண்மையான ரி-56. முன்னால் இருந்தவர் மீசை வைத்த, நிதானமான மனிதர். சிங்களவர், ஆனால் தமிழ் நன்றாகக் கதைத்தார்.

"மிஸ், பஸ்ஸில இருந்து தகவல் வந்தது. ரெண்டு துவக்கு எண்டு மிஸ்ஸே சொன்னதாம். அத கீழ வைங்க. மெதுவா."

மெதுவாக வைத்தேன்.

மணலில் வைத்த துவக்கு ஒரு சாண் உயரம் எழும்பியது. ஒரு குட்டிக்கரணம் போட்டது. மீசைக்காரர் ஓரடி பின்னால் பாய்ந்தார். பிறகு முன்னால் பாய்ந்து சப்பாத்தால் மிதித்தார். "டப்" என்று அட்டை மடியும் சத்தம்.

அவர் குனிந்து விரலால் தடவினார். முகர்ந்தார்.

"பொலிஷ்" என்றார்.

"கிவிக் கம்பனிக் கறுப்பு இல்லை சேர், சும்மா கடையில..." என்று தொடங்கினேன்.

"மற்றது எங்க?"

கடலைக் காட்டினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தோம்.

கடலிலிருந்து, சிவப்புப் பட்டத்தின் கீழே, ஒரு வெள்ளைக்காரர் கையில் துவக்குடன் எங்களை நோக்கிப் பறந்து வந்துகொண்டிருந்தார்.

இளைய பொலிஸ்காரர் சிரிக்கத் தொடங்கினார். மீசைக்காரர் ஒரு பார்வை பார்த்தார். நின்றது. வெள்ளைக்காரர் கரையேறி, நீர் சொட்டச் சொட்ட, ஏதோ பரிசளிப்பு விழா போல இரண்டு கையாலும் துவக்கை என்னிடம் நீட்டினார். நானும் பழக்கதோஷத்தில் குனிந்து வாங்கினேன்.

கரைவலைக்காரர்கள் கைதட்டினார்கள்.

"சரி. ஸ்டேசனுக்குப் போவம்" என்றார் மீசைக்காரர்.

"சேர், நாலு மணிக்கு நான் படம் அனுப்ப வேணும். இல்லாட்டி என்ட பக்கம் போயிடும்." சிலந்தியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேள்வி கேட்ட பிள்ளையின் கடிதத்தையும் காட்டினேன். அவர் பொறுமையாக வாசித்தார்.

"தகவல் புத்தகத்தில பதிஞ்சாச்சு மிஸ். வாக்குமூலம் எடுக்காம விட ஏலாது. பொது இடத்தில இப்பிடி ஒரு சாமான் கொண்டு திரியிறது சும்மா விசயம் இல்ல. ஆக்கள் பயந்திட்டாங்க."

அது உண்மை. பஸ்ஸில் மரக்கறிப் பையோடு எழுந்துபோன பெண்ணின் முகம் இப்போதுதான் எனக்கு விளங்கியது. வெட்கமாக இருந்தது.

"வாறன் சேர். ஆனா போகமுதல், நானா, இதை ஒருக்கால் பாருங்க. சரியா?"

நனைந்த இராணுவத் துவக்கை ஜெஸீல் நானா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கத்தி சரி. ரவைக்கூடு சரி. குழல் சரி. இந்தப் பிடி... மேல பூட்டு, நடுவில ஒவ்வொண்டு, கீழ படபட எண்டு எழுதி ஈக்கி. ம்ம். சரியாத்தான் ஈக்கும்."

"பிழை" என்றார் மீசைக்காரர்.

கைது செய்ய வந்தவர்!

"நடுவிலதான் படபட. கீழ ஒவ்வொண்டு."

"அப்பிடி எப்பிடிச் சேர்? பூட்டு, பிறகு ஒண்டு, பிறகு பல. மின்விசிறி மாதிரி வரிசையா வர வேண்டாமா?"

"மின்விசிறிய யாரும் பயந்து போடுறதில்ல மிஸ்." அவர் இளையவரின் தோளில் இருந்த துவக்கைத் தொடாமல் விரலால் காட்டினார். "பயத்தில கை ஒரே அடியாக் கடைசி மட்டும் போகும். அங்க ஒவ்வொண்டாச் சுடுறது இருந்தா நல்லம். நடுவில நிப்பாட்டுறதுக்கு யோசிக்க வேணும்."

இளையவர் தலையாட்டினார். நான் மணலில் நின்றபடியே பென்சிலை எடுத்தேன். இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் அச்சுக்குப் போகவிருந்த பிழை! பக்கத்தையே கொண்டுபோயிருக்கும்.

"நானா, உங்களுக்கு எப்பிடித் தெரியாமப் போச்சு?" என்று கேட்டேன்.

ஜெஸீல் நானா சாரத்தை ஒழுங்கு பண்ணினார். "மேல வச்சாப் பூட்டு. அது தெரியும். மத்ததுகளப் பார்க்கிற தேவ எனக்கு வரல்ல தங்கச்சி. அல்ஹம்துலில்லாஹ்."

அதைக் கேட்டபின் அவரைக் கேலி செய்ய யாருக்கும் மனம் வரவில்லை.

பொலிஸ் நிலையத்துக்கு முச்சக்கர வண்டியில் நானும் நானாவும். முன்னால் மோட்டார் சைக்கிள். பின் இருக்கையில் இளையவர், மூன்று துவக்குடன். அதில் ஒன்றுதான் சுடும்.

மூன்று மணி பத்து. மேசையில் பெரிய புத்தகம் திறந்தது.

"'மேற்படி பெண்ணிடமிருந்து இரண்டு துவக்கு'..." என்று மீசைக்காரர் எழுதத் தொடங்கினார்.

"அட்டைத் துவக்கு சேர்."

"'இரண்டு அட்டைத் துவக்கு'..."

"ஒண்டு இராணுவம், ஒண்டு சிவில் எண்டு தனித்தனியா எழுதினா நல்லம். ஆறு வித்தியாசம் இருக்கு."

அவர் பேனையை வைத்தார். "மிஸ், நீங்க கதைக்காம இருந்தா நாங்க நாலு மணிக்கு முதல் முடிக்கலாம்."

முதல் தடவையாகக் கதைக்காமல் இருந்தேன். இருந்த நேரத்தில் என்ன செய்வது? துவக்குகளுக்கு ஏற்கெனவே நூல் கட்டிச் சீட்டுத் தொங்கவிட்டுவிட்டார்கள். ஒன்று மிதிபட்டு நடுவில் மடிந்துவிட்டது. மற்றது நீரில் ஊறிப் புட்டு மாதிரி இருந்தது. புகைப்படம் எடுத்து அனுப்ப ஏலாது. ஆகவே ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, இளையவரின் கோடு போடும் அடிமட்டத்தை வாங்கி, இரண்டையும் சின்னதாக வரைந்தேன்.

மீசைக்காரர் ஒரு வரி எழுதுவார், எட்டிப் பார்ப்பார். "கத்தி இன்னும் கொஞ்சம் நீளம்." இன்னொரு வரி எழுதுவார். "குறி பார்க்கிற முன் துண்டு மறந்திட்டீங்க. ரெண்டுக்கும்." நான் வாக்குமூலத்தைத் திருத்தவில்லை. அவர் படத்தைத் திருத்தினார். நீதி எந்தப் பக்கம் என்று யோசிக்க நேரமில்லை.

மூன்று ஐம்பத்திரண்டு. வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்தேன். எச்சரிக்கை செய்து விட்டார்கள். படத்தைச் சுவரில் சாய்த்துப் போனில் எடுத்து அனுப்பினேன்.

மூன்று ஐம்பத்தைந்துக்கு ஆசிரியரின் அழைப்பு.

"படம் வந்தது மிஸ். வடிவா இருக்கு. ஆனா பின்னால சுவரில 'தேடப்படுபவர்' எண்டு நாலு பேரிட படம் தெரியுதே. எங்க நிக்கிறீங்க?"

"பொலிஸில."

மறுமுனையில் கதிரை நகரும் சத்தம் கேட்டது.

"...படம் சரிதானே?"

"பொலிஸே பார்த்துச் சரி சொன்னது."

"அப்ப போடுறன்" என்று வைத்துவிட்டார். ஏன் பிடித்தார்கள் என்று கேட்கவே இல்லை. ஆசிரியர்கள் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை பக்கம் வந்தது. சுருக்கிய பிறகும் ஆறு வித்தியாசமும் பளிச்சென்று தெரிந்தன. ஏழாவது எதுவும் இல்லை. நான்கு தடவை பார்த்தேன். அன்று பின்னேரமே ஆலங்குடாப் பிள்ளை போனில், "விளங்கிவிட்டது, நன்றி. அடுத்ததாக யுத்தத் தாங்கி பற்றி விளக்கவும்" என்று எழுதியிருந்தாள்.

படத்தின் அடியில், சின்ன எழுத்தில், நானே ஆசையாக ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருந்தேன்: "படத்தைப் பொறுமையுடன் சரிபார்த்துத் தந்த பொலிஸ் கொன்ஸ்தாபிளுக்கு நன்றி."

திங்கள் காலை எட்டு மணிக்குப் போன் அடித்தது. மீசைக்காரர்.

"மிஸ், பார்த்தன். ஸ்டேசனில எல்லாரும் பார்த்தம். ஆறும் சரி. அருமை."

"நன்றி சேர்! அப்ப பிழை ஒண்டும் இல்லையே?"

அவர் தொண்டையைச் செருமினார்.

"துவக்கில இல்ல மிஸ். நன்றியிலதான். நான் கொன்ஸ்தாபிள் இல்ல, சார்ஜன்."

உடனே ஆசிரியருக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் நீண்ட நேரம் யோசித்தார். சிறுவர் பக்கத்தில் நன்றி வரியைச் சிறுவர் வாசிப்பதில்லை, ஆகவே அது சிறுவர் பக்கப் பிழைகளின் கணக்கில் சேராது என்று கடைசியில் தீர்ப்புச் சொன்னார். பக்கம் தப்பியது. அடுத்த வாரம் ஒரு வரியில் திருத்தம் போட வேண்டும்.

இரண்டு துவக்குக்கு இடையே ஆறு வித்தியாசம் கண்டுபிடித்த எனக்கு, முக்கால் மணி நேரம் என் மூக்குக்கு நேரே எழுதிக்கொண்டிருந்த சட்டைக் கையின் மூன்று சார்ஜன் பட்டி மட்டும் தெரியவில்லை.